பாலாறும் யுரேனசும்: வேலூரில் உருவான ஒரு முதல் ராக் ஆல்பம் – நிகழ்வு ஆய்வு

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டின் மாடி அறையில் நான்கு பேர் சேர்ந்து தங்கள் முதல் ஆல்பத்தை உருவாக்கினார்கள். கனமான கிதார், சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி), அறிவியல் புனைகதை மூன்றும் கலந்த தமிழ் ராக். ஒன்பது பாடல்கள், 41 நிமிடம். முதல் வடிவம் முடிந்தபோது ஒவ்வொரு கருவியையும் தனியாகக் கேட்டால் குறை சொல்ல இடமில்லை. சேர்த்துக் கேட்டாலோ இரண்டாவது பாடலிலேயே காது களைத்துவிட்டது. அந்த வடிவத்தை அவர்கள் வெளியிடவில்லை. ஏறக்குறைய அதே மெட்டுகளையும் அதே கருவிகளையும் வைத்துக்கொண்டு மீண்டும் பதிவு செய்தார்கள். இரண்டாவது வடிவம், இந்த வகை இசையில் தமிழில் நான் கேட்டவற்றில் மிகச் சிறந்த ஒன்று. இடையில் நடந்த மாற்றத்தைப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம்.

இரண்டாவது வடிவத்தின் ஒலிக்கலவையை நான் செய்தேன். அதனால் எனக்கு இந்த ஆல்பத்தின் மீது பற்று உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. நால்வரும் தங்கள் பெயரோ குழுவின் பெயரோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவரவர் கருவியைக் கொண்டே குறிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிதாரும் சிந்தசைசரும் மோதிக்கொண்ட சிக்கலை எந்தக் கருவி மாற்றமும் தீர்க்கவில்லை. கதையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது முடிவான பிறகுதான் ஒலிகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டன.

அறை, ஊர், கதை

நால்வரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். கிதார் வாசிப்பவரின் குடும்பம் இரண்டு தலைமுறையாக ஆம்பூரில் தோல் தொழிலில் இருக்கிறது. சிந்தசைசர் வாசிப்பவர் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். சாலிடரிங் இரும்பும் மல்டிமீட்டரும் அவர் பையில் எப்போதும் இருக்கும். டிரம்ஸ் வாசிப்பவர் கல்லூரி மாணவர். பாடுபவர் பள்ளித் தமிழாசிரியை. பேஸ் கிதாரும் அவரே வாசிக்கிறார். வயதில் மூத்தவர் என்பதால் மற்ற மூவரும் அவரை அக்கா என்று அழைக்கிறார்கள். பாடல் வரிகளில் அக்கா சொன்னதே முடிவு.

அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி, மேலே தகரக் கூரை. சித்திரையில் கத்திரி வெயில் தொடங்கும் நாட்களில் வேலூரில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்தச் சூட்டில் எஃகுத் தந்தி விரிந்து சுருதி இறங்கிவிடும். ஒரு பாடல் முடிவதற்குள் மறுபடி சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். மின்விசிறியைப் போட்டால் மைக்கில் காற்று அடிக்கும். பெங்களூரு நெடுஞ்சாலை அருகிலேயே இருப்பதால் லாரிகளின் இரைச்சல் வேறு. ஆகவே பதிவுகள் பெரும்பாலும் விடியலுக்கு முந்தைய நேரத்தில் நடந்தன. இப்படிப்பட்ட இடத்தில் ராக் ஆல்பம் எடுக்கவே முடியாது என்று சென்னையில் பலர் சொல்வார்கள். எடுத்தார்கள்.

கதை இதுதான். வருங்காலத்தில் ஒரு நாள். பாலாற்றின் மணலுக்கு அடியிலும் ஈரம் வற்றிவிட்டது. தோல் தொழிலாளி ஒருத்தியின் மகள், பனிக்கட்டி கொண்டுவரும் விண்கலத்தில் வேலைக்குச் சேர்ந்து யுரேனஸ் கோளின் நிலவுகளுக்குப் போகிறாள். அந்த நிலவுகளில் பாதியளவு பனி, பாதியளவு பாறை. யுரேனசிலிருந்து ஒளி பூமிக்கு வந்து சேரச் சுமார் 2 மணி 40 நிமிடம் ஆகிறது. வானொலிச் செய்திக்கும் அதே வேகம்தான். மகள் "அம்மா" என்று அழைத்தால், "என்ன கண்ணு" என்ற பதில் அவளுக்குக் கிடைக்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆல்பம் முழுவதும் இந்த இருவரின் பேச்சுதான்.

யுரேனசிலிருந்து பனியை இழுத்துவந்து ஆற்றை நிரப்புவது கணக்குக்கு ஒத்துவராது என்று யாரும் சொல்லலாம். கதை அந்தக் கணக்கின் மீது நிற்கவில்லை. ஊரில் தண்ணீர் இல்லாததால் ஊரைவிட்டுப் போனவர்களின் பட்டியல் இந்த மாவட்டத்தில் நீளமானது; போகும் தூரம் மட்டும் இங்கே கூடியிருக்கிறது.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றிச் சொல்லும் பழைய வழக்கு ஒன்று உண்டு. மூன்றாவது இப்போது பொருந்தாது: கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981ஆம் ஆண்டில் மூலவர் மீண்டும் எழுந்தருளினார். அந்த லிங்கம் அதுவரை இருந்தது, இந்தப் பதிவுகள் நடந்த சத்துவாச்சாரியில்தான். முதலாவது மட்டும் மாறவில்லை. நந்தி மலையில் தோன்றி வயலூர் அருகே கடலில் சேரும் பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஆண்டின் பெரும்பகுதியில் அது மணல்தான். 2021 நவம்பரில் வெள்ளம் கரைபுரண்டபோது மக்கள் குடும்பத்தோடு பாலத்தில் நின்று பார்த்தார்கள். வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை தோல் பதனிடும் கழிவு இந்த ஆற்றுக்குச் செய்த கேட்டைத்தான் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விசாரித்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் வேலூரின் பெயரைக் கடக்காமல் போக முடியாது. கிதார் வாசிப்பவர் அந்தத் தொழிலின் சோற்றில் வளர்ந்தவர். ஆல்பத்தில் தொழிற்சாலையைத் தூற்றும் பாடலும் இல்லை, அதற்குப் பரிந்து பேசும் பாடலும் இல்லை. அம்மாவின் கைகளைப் பற்றிய ஒரு பாடல் இருக்கிறது. அது போதும் என்று அவர் முடிவு செய்தது சரியென்றே நினைக்கிறேன்.

கனமான கிதார் ஒலிக்கும் தோலுக்கும் பழைய தொடர்பு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த, பிறகு பிளாக் சாபத் ராக் குழுவின் கிதார் கலைஞரான டோனி அயோமி, இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடக்கையால் வாசிப்பவர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்து, மேலே பழைய தோல் சட்டையிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டி வாசித்தார். பின்னாளில் தந்தியின் இறுக்கத்தைக் குறைக்கச் சுருதியையும் இறக்கினார். பிளாக் சாபத் குழுவின் அந்த இருண்ட, கனத்த ஒலிக்கு அதுவும் ஒரு காரணம். ஆம்பூர்க்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் அதிகம் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கனமான ஒலியை வெளிநாட்டுச் சரக்காக எண்ணவில்லை.

முதல் வடிவத்தில் கெட்டது எது

முதல் வடிவத்தில் எல்லாக் கருவிகளும் எல்லா நேரமும் ஒலித்தன. கிதாரை இடது, வலது இரண்டு பக்கமும் இரட்டித்துப் பதிந்திருந்தார்கள். அதன் மேல் பல சுரங்களை நீட்டிப் பிடிக்கும் அகலமான சிந்தசைசர் சுரக்கட்டு. அதன் மேல் இன்னொரு சிந்தசைசர். நால்வருக்கும் அது பிரம்மாண்டமாகத் தோன்ற வேண்டும் என்ற ஆசை. முதல் ஆல்பம் செய்யும் யாருக்கும் அந்த ஆசை இருக்கும். கேட்டபோது கிதாரும் தெளிவில்லை, சிந்தசைசரும் தெளிவில்லை, குரல் இரண்டுக்கும் பின்னால் போய்விட்டது.

காரணத்தைப் புரிந்துகொள்ள டிஸ்டார்ஷன் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். கிதாரின் ஒலி அலையை ஆம்ப் என்னும் ஒலிபெருக்கி தாங்கும் அளவுக்கு மேல் தள்ளும்போது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் மூல அதிர்வெண்ணின் மடங்குகள் புதிதாகப் பிறக்கின்றன. இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டினால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் கூடப் பிறக்கும். 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு நூறு அதிர்வுகள்) சட்ஜத்தோடு 150 ஹெர்ட்ஸ் பஞ்சமத்தைச் சேர்த்தால் 250, 50 ஆகிய அதிர்வெண்கள் தோன்றுகின்றன. 50 என்பது அதே சட்ஜம், ஒரு ஸ்தாயி கீழே. யாரும் மீட்டாத அடிச்சுரம் தானே வந்து நிற்கிறது. ராக் இசையில் 'பவர் கார்டு' என்று சொல்லப்படுவது இந்தச் சேர்க்கைதான். பழந்தமிழ் இசையில் குரலும் இளியும். அதனோடு அந்தர காந்தாரத்தையும் சேர்த்தால் கதை வேறு. கிதாரின் கட்டைகள் சம இடைவெளி முறையில் அமைந்தவை. ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால், கிதாரின் பஞ்சமம் தூய பஞ்சமத்திலிருந்து இரண்டு பங்குதான் விலகியிருக்கும். காந்தாரமோ பதினான்கு பங்கு. டிஸ்டார்ஷன் அந்த விலகலை ஒவ்வொரு மடங்கிலும் பெருக்கிக் காட்டும். எனவே கனமான கிதார் பெரும்பாலும் காந்தாரத்தை விட்டுவிடுகிறது. காந்தாரம் காட்டும் வேறுபாட்டை, அதாவது மேஜரா மைனரா என்பதை, சொல்லாமல் நிற்கிறது.

சிந்தசைசர் வாசிப்பவர் அந்த விடுபட்ட காந்தாரத்தை நிரப்பினார். அவர் வாசித்ததில் பிழையில்லை. ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது ரம்பப்பல் அலை. அதுவும் அலை எழுப்பும் இரண்டு ஆசிலேட்டர்களைச் சற்றே விலக்கிச் சுருதி சேர்த்து. சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே உண்டு. ரம்பப்பல் அலையில் எல்லா மடங்குகளும் உண்டு. அதாவது டிஸ்டார்ஷன் செய்த கிதாரும் ரம்பப்பல் சிந்தசைசரும் ஒரே வகை ஒலி. இரண்டும் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸிலிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை ஒரே நிலத்தை உழுகின்றன. அந்த நிலத்தின் நடுவில்தான் மனிதக் குரலும் வாழ்கிறது. வலிமையான ஒலி ஒன்று அருகிலுள்ள அதிர்வெண்களில் இருக்கும் மெலிந்த ஒலியைக் காதுக்கு எட்டாமல் மூடிவிடும். இங்கே மூன்றும் ஒன்றையொன்று மூடின.

அவர்கள் செய்யாத முயற்சி இல்லை. அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் ஒவ்வொரு கருவியையும் செதுக்கிப் பார்த்தார்கள். மெலிந்ததே தவிரத் தெளியவில்லை. வேறு பெடல், வேறு மென்பொருள் சிந்தசைசர், வேறு ஆம்ப் என்று மாற்றினார்கள். கடைசியில் எல்லாவற்றையும் சத்தமாக்கி அமுக்கினார்கள். ஒலியளவின் சராசரி மைனஸ் 7 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) வரை ஏறியிருந்தது. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாடல்களை மைனஸ் 14 அளவுக்குச் சமன் செய்கின்றன. ஆகவே ஏற்றிய ஏழு டெசிபெலையும் தளம் இறக்கிவிடும். அமுக்கியதால் செத்த துடிப்பு மட்டும் திரும்பி வராது.

கதை எடுத்த முடிவு

மாற்றம் பாடகியின் ஒரு கேள்வியிலிருந்து வந்தது. இரண்டாவது பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "இந்த இடத்தில் பேசுவது அம்மாவா, மகளா?" என்று கேட்டார். மூவரிடமும் பதில் இல்லை. வரிகளை எழுதியவருக்கே இசையைக் கேட்டு யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை என்றால், கேட்பவருக்கு எப்படித் தெரியும்? அன்று எடுத்த முடிவு எளிமையானது. கிதார் அம்மாவின் உலகம்: ஊர், ஆறு, தொழிற்சாலை, உடம்பு. சிந்தசைசர் மகளின் உலகம்: கலம், குளிர், செய்தி, காத்திருப்பு. இரண்டு உலகங்களுக்கும் நடுவே மணிக்கணக்கில் இடைவெளி இருப்பதால், முதல் ஐந்து பாடல்களில் கிதாரும் சிந்தசைசரும் ஒரே நேரத்தில் ஒலிக்கக் கூடாது.

இது கடுமையான விதி. கிதார் வாசிப்பவர் தன் பங்கில் பாதியை இழந்தார். சிந்தசைசர் வாசிப்பவர் பாதிக்கு மேல் இழந்தார். இருவரும் அன்றைக்கே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டாவது பாடலை விதிப்படி மறுபதிவு செய்து கேட்டபோது விவாதம் முடிந்துவிட்டது. கிதார் நின்று சிந்தசைசர் தொடங்கும் இடத்தில் வெப்பநிலையே மாறுவதுபோல் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது கிடைக்காத பிரம்மாண்டம், ஒன்று விலகி மற்றது வந்தபோது கிடைத்தது. கனம் என்பது காதுக்கு எப்போதும் ஒப்பீடுதான். மெலிந்தது ஒன்று முன்னால் இருந்தால்தான் கனத்தது கனக்கும்.

அம்மாவின் உலகத்துக்குத் தாளமும் அங்கிருந்தே வந்தது. தோல் தொழிற்சாலையில் பெரிய மரப் பீப்பாய் போன்ற உருளை உண்டு. தொழிலாளர்கள் அதையும் டிரம் என்றுதான் சொல்வார்கள். தோலும் தண்ணீரும் இரசாயனமும் உள்ளே கிடக்க, அது மெதுவாகச் சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் நனைந்த தோல்கள் மேலேறி மொத்தமாகக் கீழே விழும். அந்தத் தொம்மென்ற ஒலியைக் கிதார் வாசிப்பவர் கைபேசியிலேயே பதிந்து வந்தார். அந்த உருளை நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை சுழன்றது. ஒரு சுற்றுக்கு ஐந்து விநாடி. நிமிடத்துக்கு 96 தட்டு என்று வேகத்தை வைத்தால் ஐந்து விநாடியில் சரியாக எட்டுத் தட்டுகள் அடங்கும். முதல் பாடலும் நான்காம் பாடலும் இந்த வேகத்தில் அமைந்தன. டிரம்ஸ் வாசிக்கும் மாணவர் தன் முதல் தட்டை உருளையின் விழுதலோடு சேர்க்காமல் ஒரு இம்மி பின்னால் வைத்தார். வேலையில் களைத்த உடம்பின் நடை அதில் வந்துவிட்டது. ஆல்பத்தின் மிக நல்ல வாசிப்பு அவருடையது என்பது என் எண்ணம்.

பேஸ் கிதாருக்கு மட்டும் அறை ஒத்துழைக்கவில்லை. பத்தடிச் சுவர்களுக்கு இடையில் ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ் ஒலியும், பன்னிரண்டடிச் சுவர்களுக்கு இடையில் ஏறக்குறைய 48 ஹெர்ட்ஸ் ஒலியும் நிலை அலையாக நின்று முழங்கும். மூலையில் இலவம் பஞ்சு மெத்தைகளை அடுக்கினார்கள். மேல் அதிர்வெண்கள் அடங்கின. ஆனால் 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏழு மீட்டர். அரையடி மெத்தைக்கு அது கட்டுப்படாது. பேஸை ஆம்ப் இல்லாமல் நேரடியாகக் கணினியில் பதிந்தார்கள். சிக்கல் தீர்ந்தது.

ஐம்பது ஹெர்ட்ஸ்

மூன்றாவது பாடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய வீடு என்பதால் மின் இணைப்பில் எர்த் சரியாக இல்லை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்-அப் ஒற்றைச் சுருளாக உள்ள கிதாரை ஆம்பில் செருகினால் விடாத முனகல். இந்தியாவில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். முனகல் அந்த அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளான 100, 150 ஆகியவற்றிலும் வரும். சிந்தசைசர் வாசிப்பவர் புதிய எர்த் குழி போட்டுத் தந்தார். மற்ற பாடல்களுக்கு இரட்டைச் சுருள் ஹம்பக்கர் பிக்-அப் உள்ள கிதாரைப் பயன்படுத்தினார்கள். முனகல் போய்விட்டது.

போன பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. மூன்றாவது பாடலில் மகளின் கலம் எரிசக்தி குறைந்து பாதி வழியில் மிதக்கிறது. விளக்குகளும் காற்றுச் சுத்திகரிப்பும் மட்டும் ஓடுகின்றன. அந்த ஒலிக்குச் சிந்தசைசரில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். எல்லாம் அழகாக இருந்தன, எதுவும் உண்மையாக இல்லை. முன்பு பதிந்து வைத்திருந்த வீட்டு முனகலை வைத்துப் பார்த்தபோது கலம் வந்துவிட்டது.

ஆனால் சுருதி? மேற்கத்தியச் சுரவரிசையில் 50 ஹெர்ட்ஸுக்கு அருகில் இருப்பது 49 ஹெர்ட்ஸ் உள்ள 'ஜி'. முனகல் அதைவிட 35 பங்கு மேலே, இரண்டு சுரங்களுக்கு நடுவே தொங்குகிறது. கணினியில் முனகலைக் கீழே இறக்கலாம்; அவர்கள் அப்படிச் செய்யவில்லை. வழக்கமாக 440 ஹெர்ட்ஸில் வைக்கும் 'ஏ' சுரத்தை 449 ஆக்கி, பேஸையும் சிந்தசைசரையும் அதற்கு ஏற்றினார்கள். இப்போது முனகலே ஆதார சுருதி. மின்தொகுப்பின் அதிர்வெண் நொடிக்கு நொடி சற்றே ஏறி இறங்கும், விதிப்படி 49.90 முதல் 50.05 வரை இருக்க வேண்டும். அந்த மெல்லிய அசைவு சுருதியில் கேட்கிறது. தம்புராவின் உயிர்ப்பை அறிந்த காதுகளுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆல்பத்தை வரிசையாகக் கேட்பவர்களுக்கு மூன்றாவது பாடலின் தொடக்கத்தில் தரை லேசாக நகர்வதுபோல் இருக்கும். இரண்டாம் பாடலுக்கும் நான்காம் பாடலுக்கும் இல்லாத அந்த 35 பங்கு விலகல்தான் காரணம்.

ஆறாவது பாடல்

யுரேனஸ் ஏன்? பனிக்காக என்றால் சனிக்கோளின் வளையங்களே போதும், தூரமும் பாதி. காரணம் காவலூர்.

ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூர் அன்றைக்கு வடஆற்காடு மாவட்டம். இன்று திருப்பத்தூர் மாவட்டம். அங்கே 1972இல் 1.02 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1986இல் வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் வைக்கப்பட்டது. 1977 மார்ச் 10 அன்று ஒரு மங்கலான விண்மீனை யுரேனஸ் மறைத்துக் கடந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த விமானத் தொலைநோக்கியிலிருந்து அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் எலியட்டின் குழு அதைப் பார்த்தது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பார்த்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. விமானக் குழு கோள் கடந்த பிறகும் தொடர்ந்து பார்த்ததால், மங்கல்கள் மறுபுறமும் ஏறக்குறைய அதே இடைவெளிகளில் திரும்ப வருவதைக் கண்டது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது இப்படித்தான். நம் மலையில் இருந்த கருவியும் அந்த இரவில் சாட்சி.

ஏழு நிமிடம் ஓடும் ஆறாவது பாடல் இந்த நிகழ்வின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் சிந்தசைசரின் ஒரே ஒரு நீண்ட சுரம், அதுதான் விண்மீன். அந்தச் சுரம் ஐந்து முறை அறுந்து மீள்கிறது. முதலில் அறிவிக்கப்பட்ட ஐந்து வளையங்கள் அவை. பிறகு கோள் வருகிறது: கிதார் முழு வலிமையோடு நுழைகிறது. அது போன பின் அதே சுரம், அதே ஐந்து அறுபடல்கள், தலைகீழ் வரிசையில். ஐந்தாவது அறுபடல் மட்டும் எதிர்பார்த்த இடத்துக்கு அரைத் தட்டுத் தள்ளி வருகிறது. அந்த ஐந்தில் வெளிப்புற வளையம் சரியான வட்டம் இல்லை. இருபுறமும் கோளிலிருந்து அதன் தூரம் வேறுபடும். டிரம்ஸ் வாசிப்பவர் இதைப் படித்துவிட்டு வந்து அந்த அரைத் தட்டைக் கேட்டு வாங்கினார். பாடலைக் கேட்கும் யாருக்கும் இந்த விவரம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த இடத்தில் எல்லோருக்கும் நெஞ்சு ஒரு கணம் தடுக்குகிறது.

இந்தப் பாடலின் நடுப்பகுதியைக் கலக்கும்போது என்னை மிகவும் அசைத்த விஷயம் வேறு. கிதார் ஒலிக்கும் இரண்டு நிமிடமும் சிந்தசைசரின் சுரம் நிறுத்தப்படவில்லை. தொடங்கிய அதே அளவில், ரம்பப்பல் அலையாகவே, ஒலித்துக்கொண்டிருக்கிறது. கிதார் அதை முழுதாக மூடிவிடுவதால் காதுக்கு எட்டுவதில்லை. முதல் வடிவத்தில் ஆல்பம் முழுவதையும் கெடுத்த அதே ஒலி மறைப்பு, இங்கே கோள் விண்மீனை மறைக்கும் செயலாகிவிட்டது. கிதார் விலகும்போது சுரம் புதிதாகத் தொடங்குவதில்லை, இருந்தது வெளிப்படுகிறது. தொடங்கும் சுரத்தின் முனை கூர்மையாக இருக்கும்; வெளிப்படும் சுரத்துக்கு முனையே இல்லை. மகள் அங்கேயேதான் இருந்தாள் என்பது வரிகள் இல்லாமலே புரிகிறது. கருவிகளின் மோதலைக் கதை எப்படித் தீர்த்தது என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பாடலைத்தான் போட்டுக் காட்டுவேன்.

ஏழாவது பாடலில் இருவர் அனுப்பிய செய்திகளும் வழியில் ஒன்றையொன்று கடக்கின்றன. இங்கே முதன்முறையாகக் கிதாரும் சிந்தசைசரும் சேர்ந்து காதுக்குக் கேட்கலாம். ஆறு பாடல்கள் காத்திருந்ததால் பங்கீடு எளிதாக இருந்தது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சிந்தசைசரின் சைன் அலை. கிதாருக்கு 90க்குக் கீழே எதுவும் இல்லை. 5000க்கு மேலே சிந்தசைசரின் மினுக்கம். நடுவில் குரல் வரும் இடங்களில் கிதார் இருபுறமும் ஒதுங்குகிறது. இதே பங்கீட்டை முதல் வடிவத்திலும் முயன்றிருந்தார்கள். அப்போது யாருக்கும் விட்டுக்கொடுக்கக் காரணம் இல்லை.

வரிகள்

கனத்த இசையில் தமிழ் பாடுவதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. ராக் மெட்டில் பாடகர் சொல்லின் எந்த அசையையும் அழுத்தி நீட்டப் பழகியிருப்பார். தமிழில் குறிலை நீட்டினால் சொல் மாறிவிடும்; படம் பாடமாகும், கல் காலாகும். முதல் வடிவத்தில் பல இடங்களில் மெட்டுக்காகக் குறில்கள் நீண்டிருந்தன. பாடகி தமிழாசிரியை என்பதால் அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மறுபதிவில் வரிகளை மாற்றாமல், கிதாரின் அடியை மாற்றினார்கள். நீளும் சுரங்கள் நெடிலிலோ ஒற்றுக்கு முந்தைய அசையிலோ விழுமாறு ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிதார் வரியை) நகர்த்தினார்கள். வல்லின இரட்டிப்புகள் வரும் இடத்தில் தந்தியைக் கையால் அமுக்கி வாசித்தார்கள். இதனால் சில ரிஃப்கள் ஏழு தட்டாகவும் ஐந்து தட்டாகவும் மாறின. கேட்பவர்கள் அதைக் கணக்குப் போட்டு அமைத்த தாளம் என்று நினைக்கிறார்கள்; வரியின் அசைகள் கேட்டுப் பெற்ற தாளம் அது.

எட்டாவது பாடலில் எனக்கு உடன்பாடில்லை. கலத்தின் பயணத்தை விளக்க வேண்டும் என்று வரிகளில் கலைச்சொற்களைக் குவித்திருக்கிறார்கள். சுற்றுப்பாதை, ஈர்ப்பு விசை, எரிபொருள் என்று அடுக்கியதில் அம்மாவும் மகளும் காணாமல் போகிறார்கள். முடிவில் வரும் கிதார் தனிவாசிப்பு திறமையானது, ஆனால் கதையில் அதற்கு ஆள் இல்லை. மற்ற எட்டுப் பாடல்களிலும் அறிவியல் ஒலியின் அமைப்பில் இருக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் சொற்களில் ஒட்டவைத்ததாக நிற்கிறது. பதிவின்போதே இதைச் சொன்னேன். கிதார் வாசிப்பவருக்கு அந்தப் பாடல் வேண்டும் என்றிருந்தது, ஆல்பம் அவர்களுடையது.

மேடையில்

ஆல்பத்தை மைனஸ் 14க்கு அருகிலேயே முடித்தோம். துடிப்பு பிழைத்தது. முதல் வடிவத்தோடு அடுத்தடுத்து வைத்து ஒரே அளவில் கேட்டால், இரண்டாவதில் கருவிகள் குறைவு, கனம் அதிகம்.

மேடை வேறு சிக்கல்களைக் கொண்டுவந்திருக்கிறது. திறந்தவெளி நிகழ்ச்சிகளில் மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. பளு குறைவாக இருக்கும்போது அதன் அதிர்வெண் 52 ஹெர்ட்ஸ் வரை ஏறும். விளக்குகள் எரியத் தொடங்கியதும் இறங்கும். மூன்றாவது பாடலின் ஆதார சுருதி 50 ஹெர்ட்ஸ் முனகல் என்பதால், ஆம்ப் எழுப்பும் முனகல் 51.5 ஆனாலே கால் சுரம் அளவுக்கு முரண்படும். இப்போது பதிவு செய்த முனகலையே கொண்டுபோகிறார்கள். மேடையில் ஹம்பக்கர் கிதார் மட்டும், இடையில் சிறு இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட். ஆறாவது பாடலில் டிரம்ஸ் வாசிப்பவரின் காதில் மட்டும் தாளம் காட்டும் கிளிக் ஒலிக்கிறது. அந்த அரைத் தட்டைக் காதால் வைக்கவே அவர் விரும்புகிறார். மற்ற மூவரும் இன்னும் சம்மதிக்கவில்லை. எட்டாவது பாடலை மேடையில் தனிவாசிப்பு இல்லாமல், பாதி வரிகளோடு, பேஸும் குரலும் மட்டுமாகப் பாடிப் பார்க்கிறார்கள். அந்த வடிவத்தைப் பதிவு செய்து ஆல்பத்தின் அடுத்த வெளியீட்டில் சேர்ப்பதாகத் திட்டம்.